அக்காவின் இடது காது

கோயிலில் முதல் மணி அடித்தபோது நேரம் காலை ஐந்து. நான் கண் விழித்ததும் பார்த்தது அக்காவின் இடது காது. விளக்குக்கும் எனக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். காதின் மேல்பாதி எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருந்தது. கீழ்ப்பாதி ஒரு வளையமாக இறங்கித் தோளைத் தொட்டது. வளையத்தின் ஊடே அடுப்பங்கரைச் சுவரும் அதில் மாட்டியிருந்த தேவமாதா படமும் தெரிந்தன. அது ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. மறுநாள் அக்காவின் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை வாசிப்பதாக இருந்தது.

எங்கள் ராயப்பன்பட்டியில் அப்போது சாமியார் பங்களாவில் மட்டும்தான் கடிகாரம் உண்டு. கோயில்பிள்ளை அதைப் பார்த்து ஐந்துக்கு முதல் மணியும் ஐந்தரைக்கு இரண்டாம் மணியும் அடிப்பார். பூசைக்குப் போகிறவர்களுக்கு அது அழைப்பு. எங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம் அக்காவின் காதுகளுக்கு உரியது.

அம்மா முதலில் வெந்நீரில் துணியை நனைத்துக் காதைத் துடைப்பாள். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை விளக்கில் காட்டிச் சூடாக்கி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காதுச் சதையைப் பிடித்து மேலிருந்து கீழாக உருவுவாள். இந்தக் காதுக்கு ஐம்பது, அந்தக் காதுக்கு ஐம்பது. உருவும்போது வாய்க்குள் ஜெபம் சொல்வாள். எண்ணிக்கைக்கு அதுவே போதும். கடைசியாக ஈயக் குணுக்குகளைத் துடைத்து மாட்டுவாள். குணுக்கு என்பது காது இறங்குவதற்காகத் தொங்கவிடும் கனம். அக்காவுக்கு ஒரு காதுக்கு மூன்று.

அக்கா பிறந்த ஏழாம் மாதத்தில் இது தொடங்கியது. துளையிட்டுப் பஞ்சுத் திரி வைத்தார்கள். புண் ஆறியதும் பனையோலையைச் சுருட்டிச் செருகினார்கள். ஓலை விரிய விரியத் துளையும் விரிந்தது. அதற்குப் பிறகு ஈயம். மழைக்காலத்தில் காது சீழ் பிடிக்கும். வேப்பெண்ணெய் போட்டு ஆற்றி மறுபடி ஈயத்தை மாட்டுவார்கள். அக்காவுக்கு அப்போது வயது பதினைந்து. பிற்காலத்தில் ஒருநாள் அந்த அரை மணிகளைக் கூட்டிப் பார்த்தேன். இரவும் பகலுமாக நூறு நாளுக்கு மேல் வந்தது. அக்கா எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நேரம் இல்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

எனக்கு ஏழு வயது. என் காதுகளில் இரண்டிரண்டு குணுக்குகள் தொங்கின. ஓடினால் கன்னத்தில் அடிக்கும். அக்காவின் இடது காது வளையத்தில் விரலைக் கோத்துக்கொண்டு அவள் மடியில் சாய்ந்திருப்பது என் பழக்கம். அம்மா பார்த்தால் கையில் ஒன்று போடுவாள்.

"விடு கழுத. அத வளக்க நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?"

மாப்பிள்ளை அணை வேலையில் மேஸ்திரி. மலைமேல் பேரியாற்றில் அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வண்டியில் சுண்ணாம்பு ஏற்றி மலையடிவாரம் வரை போவார். அங்கே பழக்கமானவர்தான் அந்த மேஸ்திரி. நாற்பது வயது இருக்கும். தாரம் இழந்தவர் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். மேஸ்திரி குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். அப்பாவுக்கு அவர்மேல் மதிப்பு இருந்தது.

அவருடைய தாயார் உத்தமபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார். அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். காதுகளை வெகுநேரம் பார்த்தார். நாலு விரலையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டுக் கீழே அழுத்தினார்.

"நல்ல வளத்தி மதினி. எங்க வீட்டுல காதுக்குப் போடுற தண்டட்டி கனம் சாஸ்தி. தாங்குமா?"

"மூணு குணுக்குத் தாங்குன காது" என்றாள் அம்மா. "தண்டட்டி என்ன தண்டட்டி, தண்ணிக் கொடத்தையே தொங்க விடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அடுத்த ஞாயிறு முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பூசையில் வாசிப்பதுதான் ஓலை. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு முடிந்தது. யாரும் தடை சொல்லவில்லை.

மூன்றாம் ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மத்தியானம், மலையிலிருந்து இறங்கிவந்த கூலிக்காரப் பெண் ஒருத்தி எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. அம்மா செம்பைக் கொடுத்துவிட்டு, மேஸ்திரியைத் தெரியுமா என்று கேட்டாள்.

"எந்த மேஸ்திரி? சாமான் கொட்டகையில இருக்காகளே, அவுகளா?"

"அவுகதான். எங்க வீட்டுக்கு மாப்பிள்ளயா வரப் போறாக."

அந்தப் பெண் செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"ரெண்டு பேரு வந்தாக ஆத்தா, அவுகளுக்குப் பொஞ்சாதியா. ஒருத்தருக்குப் பெறகு ஒருத்தரு. ரெண்டு பேரையும் அங்கனதான் பொதச்சிருக்கு. காச்ச மாசம் வந்தா நாங்கல்லாம் எறங்கிருவோம். அவுக மட்டும் சாமானுக்குக் காவலா மேலயே இருப்பாக. அவுக ஒடம்பு தாங்குது. பொம்பளைக்குத் தாங்கல."

ஒரு மனைவி இறந்தது எங்களுக்குத் தெரியும். இன்னொருத்தி இருந்ததை யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் அப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா இதைச் சொன்னாள். நான் பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"மலைக்குப் போறவுக எல்லாருமா சாகுறாக?" என்றார் அப்பா.

"எல்லாரும் இல்ல. இவுக பொஞ்சாதி ரெண்டு பேரும்."

"பாக்கு மாத்தியாச்சு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்பப் போயி மாட்டேன்னா, நாளைக்கு எம் மூஞ்சியப் பாத்து எவன் பேசுவான்? அவுக வேண்டாம்னு சொன்னா அது வேற."

அம்மா உரித்த மொச்சையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனாள். கோயிலில் ஜெபம் சொல்லித் தருபவர் அவர். ஓலை எழுதிக் கொடுப்பதும் அவரே.

"ஓலையில தடை, தடைன்னு வாசிக்கிறாகளே, என்னென்ன தடை?"

அவர் விரல் மடக்கிச் சொன்னார். ரத்த உறவு. வயது குறைவு. பெண்ணுக்குச் சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்துவது. ஏற்கனவே கல்யாணம் ஆகியிருப்பது.

"ரெண்டு கல்யாணம் ஆயிருக்கு" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் செத்துப் போனாக."

"செத்தது தடையில்லம்மா. உசுரோட இருந்தாத்தான் தடை."

"எம் மக சம்மதம் இல்லன்னு சொன்னா?"

"அவ அப்பா முன்னால சொல்லுவாளா?"

அம்மா நின்று யோசித்தாள். சொல்ல மாட்டாள் என்று தலையாட்டினாள். திரும்பி வரும் வழியில் எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணின் காதையும் அம்மா பார்த்துக்கொண்டே வந்தாள். கிணற்றடியில் ஒரு கிழவியின் காது அறுந்து இரண்டு நுனிகளாகத் தொங்கியது. அவளிடம் நின்று, அறுந்தபோது வலித்ததா, எத்தனை நாளில் ஆறியது என்று கேட்டாள். நான் வெயிலில் நின்று காலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தச் சனிக்கிழமை. முதல் மணி ஓய்ந்தது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். வழக்கமாக நான் எழுந்தால் அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். அன்று பார்த்தாள்.

"இங்கன வா. அக்கா மடியில உக்காரு."

உட்கார்ந்தேன்.

"அந்தக் காதப் பிடிச்சுக்க."

எனக்கு நம்ப முடியவில்லை. வளையத்தில் விரலைக் கோத்தேன். அன்று குணுக்குகள் மாட்டியிருக்கவில்லை. காது எண்ணெயில் வழுக்கியது. அம்மா எழுந்து எங்களுக்குப் பின்னால் போனாள். அக்கா கண்களை மூடிக்கொண்டு முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்திருந்தாள். காதுக்கு எண்ணெய் போட எதற்கு முந்தானையைக் கடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

"ம்" என்றாள் அக்கா.

என் விரல் திடீரென்று விடுபட்டது. நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்தபோது என் கையில் ரத்தம் இருந்தது, அக்காவின் தோளிலும் இருந்தது. முந்தானைக்குள் ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி அம்மா என் முதுகில் அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அப்படி அடித்ததில்லை.

"படுபாவி! பிச்சுப்புட்டியே காத! பதினஞ்சு வருசமா வளத்த காத ஒரு இழுப்புல அறுத்துப்புட்டியே!"

அந்தக் குரல் தெருவின் கடைசி வீடுவரை கேட்டிருக்கும். மாட்டுக் கொட்டத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாம் மணி அடித்தபோது எங்கள் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

உத்தமபாளையத்துக்கு ஆள் போயிற்று. உச்சிப்பொழுதுக்குள் மேஸ்திரியின் தாயார் வண்டியில் வந்து இறங்கினார். அக்காவின் காதில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தார்.

"தச்சு ஒட்டிக்கிரலாம்ல?" என்றார் அப்பா.

"ஒட்டலாம் அண்ணே. ஒட்டுன காது சின்னக் கம்மல் தாங்கும். தண்டட்டி தாங்காது. புதுசா வீட்டுக்கு வர்ற பொண்ணு மூளிக்காதோட வந்தா எங்க தெருவுல என்ன பேசுவாக?" பிறகு என் பக்கம் திரும்பினார். "இவதானா அறுத்தவ?"

"இவதான்" என்றாள் அம்மா. "கையி சும்மாவே இருக்காது."

அந்த அம்மாள் கொண்டுவந்த தட்டில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. மாற்றிய பாக்கைத் திருப்பியதாக அதைக் கூடத்தில் வைத்துவிட்டு வண்டி ஏறினார். மறுநாள் பூசையில் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். அக்காவின் பெயர் வரவில்லை.

ஊரில் எனக்குக் காதறுத்தாள் என்று பெயர் வந்தது. நான் வருவதைப் பார்த்தால் பெண் பிள்ளைகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். "ஏய், காதறுத்தா வர்றா, கம்மலக் கழட்டு!" என்று கத்துவார்கள். பெரியவர்களும் சிரிப்பார்கள். நான் வெகுநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு என்னைத் தயார் செய்தபோது, அக்காவின் காதை அறுத்ததைச் சொல்ல வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அது பாவமில்ல. அதச் சொல்லாத."

ஆனாலும் சொன்னேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நான் பயத்தில் பத்துச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்ல வேண்டும். அழுது ஓய்ந்து மூலையில் உட்கார்ந்திருந்த என்னிடம் அம்மா வந்து, கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தாள். காலையில் அறைந்தவள் மத்தியானம் கருப்பட்டி தருவது எனக்கு விளங்கவில்லை. பிறகு என் காதிலிருந்த நாலு குணுக்குகளையும் கழற்றினாள். "கனமா இருக்குல்ல" என்றாள். அவை மறுபடி என் காதில் ஏறவில்லை. அது இன்னொரு தண்டனை என்றுதான் நினைத்தேன். மற்றது, அம்மா அன்று வெற்றிலை போடும்போது பாக்கைப் பல்லால் கடித்து உடைத்தாள். பாக்குவெட்டி அடுப்படியில் சாம்பல் பூசிக் கிடந்தது. இரும்புச் சாமானை விளக்கும் நாள் அல்ல அது.

காது தைத்து ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து உள்ளூரிலேயே கல்யாணம் ஆனது. அவர்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. காதைப் பற்றிக் கேட்கிற மாமியார் இல்லை. அவளுடைய மூன்றாவது பிரசவத்துக்கு நான் துணைக்குப் போயிருந்தேன். தலைக்கு ஊற்றிச் சிக்கெடுக்கும்போது அந்தக் காதை அவ்வளவு நாளுக்குப் பிறகு கிட்டத்தில் பார்த்தேன். பாரத்தில் அறுந்த காதுகள் அதற்குள் பல பார்த்திருந்தேன். சதை இழுபட்டு, நுனி ஒழுங்கில்லாமல் இருக்கும். அக்காவின் காதில் தழும்பு ஒரு நேர்கோடு.

"என்னடி பாக்குற?"

நான் அந்தக் கோட்டை விரலால் தடவினேன்.

"கொட்டப் பாக்குக்குக்கூட அம்மா ரெண்டு தடவ அமுக்கும்" என்றாள் அக்கா. "எனக்கு ஒரே தடவதான்."

சீப்பை என் கையிலிருந்து வாங்கி மீதிச் சிக்கை அவளே எடுத்தாள்.

மேஸ்திரி அந்தக் காது அறுந்த மூன்று மாதத்துக்குள்ளேயே, மார்கழிக் கடைசியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த வாரத்தில், அனுமந்தன்பட்டியில் பெண் எடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் காது தோளைத் தொட்டது என்று, கல்யாணத்துக்குப் போய்வந்த அப்பா சொன்னார்.