மாமனாரும் நானும் சமைத்த காலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிட்லபாக்கத்தில், ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சின்ன ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய அப்பா. எனக்கு பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாமனார் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். மாமியார் தவறியபின் எங்களோடு வந்து தங்கிவிட்டார்.

அவருக்கும் எனக்கும் பேச்சு மிகக் குறைவு. மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான் காரணம். நான் கூடத்துக்கு வந்தால் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். அவர் எழுந்ததால் நானும் உட்கார மாட்டேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை", "ஆச்சு மாமா" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். மகளிடமும் அவர் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. வேலையிலிருந்த காலத்தில் வாரத்தில் பாதி நாள் விழுப்புரத்திலோ காட்பாடியிலோ இருந்தவர். வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியே அவள் வளர்ந்துவிட்டாள்.

என் மனைவிக்கு முதல் கர்ப்பம் நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவது முறை ஐந்தாம் மாதம் ஆரம்பித்ததும் லேசாக உதிரம் பட்டது. பயந்துபோய் குரோம்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன ஆஸ்பத்திரி, பத்துக் கட்டில் இருக்கும். டாக்டர் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"ரத்தமே இல்லையேம்மா. குழந்தை எதை வெச்சு வளரும்?" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பிரசவம் ஆகிற வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒரு டானிக் எழுதித் தரேன். ஆனா டானிக்கை நம்பி இருக்காதீங்க. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பச்சைப்பயறு, வேர்க்கடலை, வெல்லம். எல்லாம் மலிவாக் கிடைக்கிறதுதான். தினமும் உள்ளே போகணும். வீட்டிலே சமைக்கிறது யாரு?"

என் அம்மா பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். சமையலுக்கு ஆள் வைக்க எனக்கு வசதி இல்லை. நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நோயாளியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் காலை நாங்கள் சமையலறைக்குள் நுழைந்தோம். அந்த அறையில் இரண்டு ஆம்பிளைகள் நிற்பதே கஷ்டம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு முன்னால் அவர் ஒதுங்கி "நீங்க பாருங்க மாப்பிள்ளை" என்றார். நான் ஒதுங்கி "நீங்க இருக்கும்போது நான் எப்படி மாமா" என்றேன். இந்த உபசாரத்தில் உலை கொதித்து வழிந்து ஸ்டவ்வே அணைந்துவிட்டது.

முருங்கை மரம் பக்கத்து வீட்டு அக்காவுடையது. "எவ்ளோ வேணுமோ ஒடிச்சுக்கோ சார், மாசமா கீற பொண்ணுக்குத்தானே" என்று சொல்லிவிட்டிருந்தது. நாங்கள் இரண்டு கிளையை ஒடித்துவந்து, கழுவி, காம்போடும் குச்சியோடும் நறுக்கிப் போட்டு வேகவைத்தோம். கீரை என்றால் இலைமட்டும்தான் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நானும் மாமனாரும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றோம். அவள் ஒரு வாய் போட்டு மென்றாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"அப்பா," என்றாள் கடைசியில், "இது முருங்கைக்கீரையா, முருங்கை மரமா?"

மாமனார் கொஞ்சம் யோசித்து, மிகவும் பொறுப்பாக, "மேல்பாதி மட்டும்தாம்மா" என்றார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கயிற்றுக் கட்டில் கிறீச் கிறீச் என்று ஆடியது. எனக்குக் கலக்கமாகிவிட்டது. அசையவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, இப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் என்ன ஆவது? சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குரோம்பேட்டைக்கு மிதித்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களையெல்லாம் தாண்டி உள்ளே போய், மூச்சு வாங்க, "டாக்டர், அவ சிரிக்கலாமா?" என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தாராளமா. நல்லாச் சிரிக்கட்டும். சாப்பாடாவது இறங்கும்" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதுதான் எங்களுக்கு வழியைக் காட்டியது. அவளுக்குச் சாப்பாடு என்றாலே வயிறு புரட்டும். தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். சிரிக்கும்போது மட்டும், தன்னை மறந்து ஒரு வாய், இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். இதை முதலில் கவனித்தவர் மாமனார். வாயே திறக்காத அந்த மனிதர் அதற்குப்பின் செய்ததையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்றும் நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

அவருடைய பழைய கார்டு விசில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்தார். சாப்பாடு தயாரானதும் சமையலறை வாசலில் நின்று நீளமாக ஒரு ஊது. "பதினேழாம் நம்பர் கேழ்வரகுக் களி, ஒன்றாவது பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது" என்பார். முகத்தில் சிரிப்பின் சுவடே இருக்காது. வண்டி தாமதமானால் அதற்கும் அறிவிப்பு உண்டு. "என்ஜின் டிரைவர் அடிபிடிக்க விட்டுவிட்டார். பயணிகள் மன்னிக்கவும்." என்ஜின் டிரைவர் நான்.

களி எங்களுக்கு லேசில் வசப்படவில்லை. கிண்டக் கிண்டக் கட்டி தட்டியது. உடைத்தால் உள்ளே பச்சை மாவு. அதையும் அவர் வீணாக்கவில்லை. ஒருநாள் களியை உருண்டை உருண்டையாக உருட்டித் தட்டில் வரிசையாக வைத்தார். மேலே வெல்லப்பாகும் கொஞ்சம் நல்லெண்ணெயும். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வண்டி விழுப்புரத்திலே கிளம்புது," என்று முதல் உருண்டையை எடுத்தார். "தாம்பரம் போய்ச் சேரணும். இது திண்டிவனம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூடத்து டீச்சர், அப்பா கையால் வாங்கிச் சாப்பிட்டாள். திண்டிவனம் போனது. மதுராந்தகம் போனது. செங்கல்பட்டில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். கூடுவாஞ்சேரியில் அவள் கையைக் காட்டினாள்.

"சிக்னல் விழலேப்பா."

"சரி. வண்டி கூடுவாஞ்சேரியிலேயே நிக்கட்டும்," என்று தட்டை மூடினார்.

மறுநாள் வண்டலூர் வரை வந்தாள். அந்த வாரக் கடைசியில் தாம்பரத்துக்குள் நுழைந்தபோது மாமனார் விசில் ஊதிய ஊதலில் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் ஓடிவந்து, "இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லே, களி தீர்ந்துபோச்சு" என்றேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது.

எனக்குத் தனியாகச் சில அதிசயங்கள் கிடைத்தன. பச்சைப்பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காலையில் அவிழ்த்தால் ஒவ்வொரு பயறும் வெள்ளையாக ஒரு வாலை நீட்டிக்கொண்டிருந்தது. முப்பது வயதுவரை முளைப்பயறு தின்றிருக்கிறேன். அது முளைத்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆபீசுக்கு நேரமாவதை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். இன்னொரு நாள், அலுத்துப்போன மாமனார் முருங்கைக் கிளைகளை ஆயாமல் ஒரு துண்டில் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் துண்டை உதறினால் இலைகள் எல்லாம் தானாகவே உதிர்ந்து பச்சைக் குவியலாகக் கிடக்கின்றன, கையில் வெறும் குச்சி. அவர் அந்தக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இத்தனை நாளா நாம ராத்திரி பூரா உக்காந்து ஆய்ஞ்சோமே, அதெல்லாம் எதுக்கு?"

அன்று செய்த கேழ்வரகு அடைதான் எங்கள் முதல் வெற்றி. மாவில் கீரையும் வெங்காயமும் இரண்டு பச்சை மிளகாயும் பிசைந்து, வாழையிலையில் தட்டி, கல்லில் போட்டோம். பிய்யாமல் வந்தது. வாசனை கூடத்துக்குப் போய், அவளே "என்னது அது?" என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் சமையல் தொடங்கியதிலிருந்து மாமனார் ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் செய்துவந்தார். ஆக்கியவர்கள் யார் என்று அவருக்குத் தெரியுமல்லவா? அன்று ஒரே வரியில் ஆமென் சொல்லிவிட்டார்.

எட்டாம் மாதம். ஒரு சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. கட்டிலில் ஆளில்லை. ஸ்டவ்வின்மேல் பாதி வெந்த பருப்பு. மாமனாரின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியது. "வலின்னு சொல்லிச்சு சார். பெரியவர் ரிக்‌ஷாவுல இட்டுக்கினு போய்ட்டாரு. ஓடு சார்!"

சைக்கிளை எடுத்துக் குரோம்பேட்டைக்கு மிதித்தேன். முதல் குழந்தையை இழந்த நாள்தான் கண்முன் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குள் போனபோது மாமனார் வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மஞ்சள்பொடி. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை ஒரே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்ததில்லை.

"காரம் ஜாஸ்தி போட்டுட்டேனோ மாப்பிள்ளை?" என்று கேட்டார். "அதனாலே இருக்குமோ?"

"இல்லே மாமா, அப்படியெல்லாம் இருக்காது" என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அவள் படுத்திருந்தாள். முகத்தில் வியர்வை, ஆனால் வலி இல்லை. "பொய்வலி. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லே," என்ற டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே செம்பருத்தி இதழ் மாதிரி சிவந்திருந்தது. "என்ன கொடுத்தீங்க? டானிக்கா?"

"அது முதல் பாட்டிலோட நின்னுபோச்சு," என்றேன். "கீரையும் களியும்தான்."

டாக்டர் மாமனார் பக்கம் திரும்பினார். பிறகு மேஜைமேல் இருந்த மரக்குழலை எடுத்தார். அந்தக் காலத்தில் அதை வயிற்றில் வைத்துத்தான் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார்கள். "பெரியவரே, வந்து கேளுங்க" என்றார்.

மாமனார் தயங்கினார். மகள் தலையை அசைத்ததும் குனிந்து காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவர் முகம் எனக்கு முன்பின் தெரியாத முகமாக இருந்தது.

"மெயில் வண்டி," என்றார் மெதுவாக. "மெயில் வண்டி வேகத்திலே போகுது மாப்பிள்ளை."

அப்புறம் நான் கேட்டேன். அவர் சொன்னது நிஜம். தூரத்தில், இருட்டில், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. ஆயா வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து எங்களிடம் காட்டினாள். துணியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அதில் ஐந்து விரல். ஒவ்வொரு விரலிலும் நகம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். யாரோ மெனக்கெட்டுச் செதுக்கி ஒட்டியதுபோல அத்தனை ஒழுங்கு. தலை நிறையக் கருகருவென்று முடி. நான் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமும் அந்தக் கட்டிலுக்கு நாங்கள் கொண்டுபோனது என்ன? அடிபிடித்த களி, மரத்திலிருந்து ஓசியில் ஒடித்த இலை, ஒரு பிடி பயறு, வெல்லத்தோடு கொஞ்சம் வேர்க்கடலை. வேறெதுவும் பெரிதாக அவள் வயிற்றுக்குள் போகவில்லை. அதை வாங்கி, பிரித்து, இன்னது எலும்புக்கு, இன்னது கண்ணுக்கு, இன்னது நகத்துக்கு என்று உள்ளே யார் பங்கிட்டார்கள்? உப்பு போட்டோமா இல்லையா என்பதே எங்களுக்கு நினைவிருக்காது. எங்களிடமிருந்து இதை வாங்கி இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாமனார் குழந்தையைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தூக்கறீங்களா பெரியவரே?" என்று ஆயா கேட்டதற்கு, "கை கழுவணும்" என்றார். போய்க் கழுவிவிட்டு வந்தார். வந்து நின்று மறுபடியும், "இன்னொரு தடவை கழுவிட்டு வரேன்" என்று போனார். கடைசியில் ஆயாவே அவர் கைகளைப் பிரித்து அதில் குழந்தையை வைத்துவிட்டாள். அவர் அசையவில்லை. சுவரோரம் நின்றபடி, குனிந்து, அதன் காதுக்குள் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறியபின் அவளைப் பார்க்க விட்டார்கள். களைத்துப்போய்க் கண்ணைமூடிப் படுத்திருந்தாள். நாங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். எழுப்ப வேண்டாம் என்று மாமனார் ஜாடை காட்டினார். அவளே கண்ணைத் திறந்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பசிக்குது" என்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று! மாமனாரின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"என்னம்மா வேணும்? சொல்லு."

"எதுவானாலும் சரிப்பா. நிறைய வேணும்."

நான் சைக்கிளை எடுத்தேன். நான் போய்ச் செய்துகொண்டு வருகிறேன், நீங்கள் அவளோடு இருங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். பூண்டு உரிப்பது யார் என்று பேசிக்கொண்டே இருவரும் சிட்லபாக்கத்துக்குப் போனோம்.