அக்கா போட்ட கையெழுத்து

குழாயைக் கையால் தொட்டே ஏசிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாள் எங்கள் அக்கா. பட்டறையில் அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பட்டப்பெயர். பட்டறை அண்ணனுடையது. பதினான்கு வருடமாக அங்கே ஏசியும் ஹீட்டரும் கழற்றி மாட்டுவது அவள்தான். நான் போன் எடுப்பவள். எல்லாம் கண்ணால் பார்த்ததுதான். வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் 'வேலை செய்தவர்' என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் லைசென்ஸ் அவரிடம்தான் இருந்தது. ஏணி ஏறி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் முழங்காலைத் தடவிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

வாய் திறக்காமலே லைசென்ஸுக்கு மனுப் போட்டாள். எழுத்துத் தேர்வைத் தட்டுத் தடுமாறித் தாண்டினாள். செய்முறையில் இரண்டு முறை கோட்டை விட்டாள். இரண்டு முறையும் ஒரே தப்பு: கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டாமல் குழாயைத் தொட்டுப் பார்த்து, கேஸ் குறைவு என்று எழுதிவிட்டாள். எழுதியது சரிதான். அளவு எழுத வேண்டிய கட்டங்கள் காலி. தேர்வாளர் முட்டை போட்டார். மூன்றாவதும் போனால் இரண்டு வருடத்துக்கு மனுவே போட முடியாது.

"உனக்கெதுக்கு இந்த வீண் வேலை? நான்தான் இருக்கேன்ல?" என்றார் அண்ணன்.

"நீங்க இருக்கீங்கண்ணே. நான்தான் எங்கயும் இல்ல" என்றாள் அக்கா.

மூன்றாவது முறை துணைக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க விட்டார்கள். ஆறு பேர், ஆறு ஏசி, எல்லாவற்றிலும் ஒரே புகார்: அறை குளிரவில்லை. அக்கா முதல் காரியமாகக் கேஜை மாட்டினாள். எனக்கு உயிர் வந்தது. முள் தாழ்ந்து நின்றது. மற்ற ஐந்து பேரும் கேஸ் குறைவு என்று முடிவு கட்டி சிலிண்டரைத் தூக்கப் போனார்கள். அக்காவும் எழுந்தாள். பழக்கதோஷம், கை குழாய்க்குப் போனது. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன்.

கேஸ் குறைந்திருந்தால் திரும்பி வரும் குழாயில் அவ்வளவு சில்லிப்பு இருக்காது. இதுவோ பனிக்கட்டியாக இருந்தது. இந்த முறை அவள் கையோடு நிற்கவில்லை. வெப்பம் அளக்கும் கருவியைக் குழாயில் மாட்டி, வந்த எண்ணைக் கட்டத்தில் எழுதினாள். கேஸ் சரியாக இருக்கிறது, காற்றுதான் போகவில்லை என்று அதன் கீழே எழுதிவிட்டு, முன் மூடியைக் கழற்றினாள். ஃபில்டருக்குப் பின்னால் தேர்வாளரே ஓர் அட்டையைச் செருகி வைத்திருந்தார். உருவி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கை சொல்லிச்சு சார். அளவும் எழுதியிருக்கேன்."

அன்று தேறியது அவள் ஒருத்திதான். வீடு வந்து சேரும்வரை அழுதது என்னவோ நான்.

லைசென்ஸ் வந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹீட்டர் வேலை. அக்கா முடித்துவிட்டு வந்தாள். மாலையில் அண்ணன் வழக்கம்போலத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். 'வேலை செய்தவர்' என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்தும் அவளுடைய லைசென்ஸ் எண்ணும் இருந்தன.

"அப்ப நான் எங்க போடறது?" என்றார்.

அக்கா தாளை வாங்கி மேலும் கீழும் பொறுமையாகப் பார்த்தாள்.

"வேலை செஞ்சவங்களுக்கு ஒரு இடந்தாண்ணே விட்டிருக்காங்க."