ஒரே காரணம், பன்னிரண்டு இடம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏன் அக்கா’தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். இவள் ஏன் குரைக்கிறது என்று பார்க்கச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவாள். “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்பார் வீட்டுக்காரர். அதையே வேலையாகக் கொடுத்துச் சம்பளமும் தந்தால் விடுவாளா?

ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி செய்கிற கம்பெனி அது. கருவிக்குள் ஓடும் கணினி நிரலை, ஓட்டிப் பார்க்காமலே வரிவரியாகப் படித்துத் தப்புச் சொல்ல ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். சரியான பயந்தாங்கொள்ளி. நூறு தடவை கத்தினால் தொண்ணூறு தடவை ஒன்றும் இருக்காது. பொய் எச்சரிக்கை என்று தெரிந்தால், அந்த வரிக்கு மேலே காரணத்தை எழுதி அதன் வாயை அடைக்கலாம். பன்னிரண்டு வருஷமாக அக்காவுக்கு இதுதான் பிழைப்பு. மற்றவர்கள் ‘பொய்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவளோ எதற்குக் கத்துகிறது என்று குடைந்து பார்த்த பிறகே எழுதுவாள். அவள் எழுதிய காரணத்துக்கு அங்கே தனி மதிப்பு.

அன்று மாலை நாலு மணிக்கு நிரலின் புதுப் பதிப்பு, குழந்தைகள் வார்டுக்குப் போகும் கருவிகளில் ஏற வேண்டும். காலையில் பார்த்தால், மூன்று வருஷத்துக்கு முன் அவளே அடக்கிய எச்சரிக்கை ஒன்று மறுபடி தலைதூக்கியிருந்தது. மருந்தின் அளவை நேரத்தால் வகுக்கிற இடம் அது. நேரம் பூஜ்யமானால் கணக்கு கெடும் என்றது மென்பொருள். ‘திரை பூஜ்யத்தை ஏற்காது’ என்பது அவள் அன்று எழுதிய காரணம். யாரோ நடுவில் ஒரு வரியை நுழைத்ததில் அந்தக் காரணம் தன் வரியை விட்டு விலகிக் கிடந்தது; அதனால்தான் மறுபடி கத்தல்.

“நீங்க எழுதினதுதானேக்கா. திரும்ப அதையே ஒட்டிட்டு விடுங்க,” என்றார் குழுத்தலைவர். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

“ஒட்டுறேன் தம்பி. அது இன்னும் உண்மைதானான்னு பாத்துட்டு ஒட்டுறேனே.”

நேரத்தை அழுத்திப் பதிகிற அந்தத் திரையைப் போன மாதம்தான் மாற்றியிருந்தார்கள். மேசையில் இருந்த சோதனைக் கருவியில் பூஜ்யத்தை அழுத்தினாள். ஏற்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் தலைவர்.

அவளுக்கு ஆறவில்லை. நேரத்தை அழித்து, கட்டத்தை வெறுமையாகவே விட்டு, தொடங்கு என்பதை அழுத்தினாள். வெற்றுக் கட்டத்தைக் கருவி பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் சொட்ட வேண்டிய தண்ணீர் கண்ணாடிக் குவளையில் விறுவிறுவென்று கொட்டியது.

அவள் கருவியை நிறுத்தினாள். தன் வாக்கியத்தை நிரல் முழுக்கத் தேடினாள். எழுத்து மாறாமல் இன்னும் பதினோரு இடத்தில் இருந்தது. அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு எடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பதினோரு இடமும் அன்று காலை கத்தவே இல்லை.

தலைவர் போனை எடுத்து, புதுப் பதிப்பை அனுப்ப வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“மொத்தமா எத்தனைக்குக்கா நீங்க காரணம் எழுதியிருப்பீங்க?”

“எண்ணினதில்ல தம்பி.”

தான் காரணம் எழுதி அடைத்த அத்தனை வாயையும் அவள் ஒரேயடியாகத் திறந்துவிட்டாள். நாலாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகள் கணினித் திரையில் வந்து நின்றன. பயமாக இருந்தது. முதலாவதைத் திறந்து, அது ஏன் கத்துகிறது என்று படிக்க ஆரம்பித்தாள்.