தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கு

வேலம்மாவின் மூக்கைப் பற்றித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கேலி உண்டு. பல மைல் தள்ளித் திரிங்காப்பில் யாராவது கோழிச்சாணம் கொட்டினால் இங்கே தொழிலாளர் லயத்தில் இவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாளாம். அவளும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வாள். சுத்தக்காரி என்று பேர் எடுப்பது லேசுப்பட்ட காரியமா?

இதே லயத்தில் பிறந்து, இதே லயத்தில் சாம்பசிவத்தைக் கட்டிக்கொண்டு, இங்கேயே மகள் ரூபினியைப் பெற்றவள். சின்ன வயதில் கையால் கொழுந்து கிள்ளினாள். பிறகு கொழுந்து வெட்டும் கத்தரி வந்தது. இப்போது இரண்டு பேர் பிடிக்கிற மெஷின். ஒரு முனையில் சாம்பசிவம், மறுமுனையில் ஜசீம். கொழுந்து விழும் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வேலம்மா.

ஜசீம் வங்காளதேசத்துக்காரன். லயத்தின் கடைசி வீட்டில் கூட்டாளிகள் இருவரோடு இருக்கிறான். வேலை நேரத்தில் அவன் நீட்டும் தண்ணீர்ப் போத்தலை வேலம்மா ஒருநாளும் வாங்கியதில்லை. தாகமில்லை என்று சொல்லிவிடுவாள். அவர்கள் வீட்டில் கருவாடு வெந்தால் சன்னலைப் படாரென்று சாத்துவாள். இவள் சட்டியிலும் வாரம் தவறாமல் கருவாடு கொதிக்கத்தான் செய்தது. நம் வீட்டில் வெந்தால் மணம், கடைசி வீட்டில் வெந்தால் நாற்றம். உலக வழக்கம்தானே.

அந்த வாரம் லயத்தில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பக்கத்து வீட்டு மாரியம்மாவின் பேரனைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரில்தான் கோளாறு என்று கங்காணி வீரப்பன் ஆட்களோடு மேட்டுத் தொட்டிக்கு ஏறினார். ஓடைத் தண்ணீர் வந்து விழும் மூலையில் ஒரு சாக்கு ஊறிக் கிடந்தது. கம்பால் இழுத்தபோது பக்கவாட்டில் கிழிந்து, அழுகிய குடலும் சாணமும் கொட்டின.

"மாட்டுக் கொடலுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம் வேறு. கடைசி வீட்டுக்காரர்கள் இறைச்சி வாங்கி வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவ்வளவுதான், வேறு சாட்சி எதற்கு? இத்தனை நாளும் மாட்டுக்குடல் தண்ணீரையா குடித்தோம் என்று பெண்கள் குமட்டினார்கள். வேலம்மா வேலியோரம் குனிந்து வாந்தியே எடுத்துவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு நேரே கடைசி வீட்டுக்குப் போனவளும் அவள்தான்.

"மனுசங்களாடா நீங்க? புள்ளைங்க குடிக்கிற தண்ணியில போடுவீங்களா?"

"புக்கான் சாயா, அக்கா. நான் இல்ல" என்றான் ஜசீம், மலாயும் தமிழுமாக. அவன் நெருங்கி வர வர, வேலம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

வீரப்பன் தோட்டத்துத் துரைக்குப் போன் போட்டார். மறுநாள் காலை, ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டில் முடிவு. மூவரையும் ஆள் அனுப்பிய ஏஜண்டிடம் ஒப்படைத்துவிடுவார்கள். வேலை பெர்மிட் ரத்தாகும், பிறகு ஊருக்குக் கப்பல்தான். போகட்டும், சனியன் ஒழியட்டும் என்று லயமே பேசிக்கொண்டது.

சாயங்காலம் வேலம்மா ஊற்றுத் தண்ணீர் பிடிக்க வாளியோடு மேடேறினாள். சாக்கைத் தொட்டிக்கு அருகிலேயே, புதைக்கத் தோண்டிய குழியோரம் போட்டிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும்போது கண் தானாகப் போயிற்று. சாக்கின் வாயில் மஞ்சள் கயிறு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிய முடிச்சு.

அவள் போடும் முடிச்சு.

ரூபினிக்குச் சுகப்பிரசவம் ஆனதற்குப் பத்து நாளைக்கு முன் முனியாண்டிக்குக் கிடா வெட்டினார்கள். தொட்டிக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முனி இருக்கிறார். அவருக்குப் படைத்ததை அங்கேயே சமைத்து அங்கேயே தின்ன வேண்டும். ஒரு துண்டு எலும்புகூட வீடு திரும்பக் கூடாது. அதனால் ஓடையில் குடலை அலசியவள், கழிவை லயத்துக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுவராமல் சாக்கில் கட்டி, கிடாவின் கழுத்துக் கயிற்றாலேயே முடிந்து, ஓடைக்கரைப் புதரில் செருகிவிட்டு வந்தாள். அடுத்து நாலைந்து நாள் ஓயாத மழை.

வேலம்மாவின் கை மூக்கிலிருந்து இறங்கியது. நாற்றம் போய்விட்டிருந்தது. அதே குடல், அதே அழுகல். ஆனால் நம்ம கிடா என்று தெரிந்த நொடியில் குமட்டல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. காலையில் எடுத்த வாந்தி அப்போது எதற்கு?

வீட்டில் சொன்னதும் சாம்பசிவம் கதவைச் சாத்தினார்.

"வாயத் தொறந்த, லயமே நம்ம மூஞ்சில காறித் துப்பும். மாரியம்மா பேரன் ஆஸ்பத்திரியில கெடக்கான். அடுத்த மாசம் ரூபினி கைப்புள்ளையோட வரா. நம்ம பேத்திய எவளாச்சும் தொட்டுத் தூக்குவாளா?"

"அந்தப் பையன அனுப்பிருவாங்களே."

"போனா போறான் லா. அவனுக்கு ஊரு இருக்கு. நமக்கு இந்த லயத்த விட்டா எது இருக்கு?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சோற்றைத் தொட்டால் முடிச்சு கண்ணில் வந்தது. மாரியம்மா தன்மேல் துப்புவதை நினைத்தால் வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவெடுத்தாள். ஜசீம் பெட்டி தூக்குவதை நினைத்தால் அந்த முடிவு நிற்கவில்லை. விடிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டுவது? முனியிடமா?

பெரட்டில் பனி இன்னும் விலகவில்லை. ஓரத்தில் மூவரும் பெட்டிகளோடு நின்றார்கள். ஏஜண்டின் லோரி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. துரை வாயைத் திறப்பதற்குள் வேலம்மா முன்னே வந்தாள். சாம்பசிவம் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டாள்.

"அது மாடு இல்லங்க துரை. நாங்க முனிக்கு வெட்டுன கெடா. நான்தான் கட்டி ஓடையில வச்சேன். மழை அடிச்சிட்டு வந்துருச்சி."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எச்சில் வந்து விழும் என்று காத்திருந்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. மாரியம்மாவின் கை.

"முனிக்கு வெட்டுனதா? அட, இதுக்கா இப்படி நடுங்குற? தெரிஞ்சா செஞ்ச? பேரன் நேத்தே இட்லி தின்னுட்டான்."

"சாமி கெடாதானே, ஒண்ணும் செய்யாது" என்றார் வீரப்பன். யாரோ சிரித்தார்கள். நேற்று லயத்தையே கொளுத்தும் அளவுக்கு எரிந்த கோபம் ஒரு சொல்லில் அணைந்துவிட்டது. வேலம்மாவுக்கு அழுகை வந்தது, நிம்மதியில்தான்.

"அப்ப இவங்க இருக்கட்டும்தானே?" என்றார் துரை, பெட்டிகளோடு நின்ற மூவரையும் காட்டி.

வீரப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"லோரி வந்துருச்சி துரை. இருந்தாலும்... இவனுங்க நாத்தம் தாங்க முடியல லா. வேற ஆளு பாத்துக்கலாம்."

தலைகள் ஆடின. மாரியம்மாவின் தலையும் ஆடியது. துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாத்தம் நம்ம சாக்குண்ணே! என்னோட சாக்கு!" என்று வேலம்மா கத்தினாள்.

"சரி, விடு வேலம்மா. அதான் ஒண்ணும் இல்லன்னுட்டோமே" என்றார் வீரப்பன், வெகு பிரியமாக.

அவள் லோரிக்கு ஓடினாள். ஜசீமின் கூட்டாளி ஒருவன் பெட்டிமேல் சுருண்டு, முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவனுக்கு என்னப்பா?"

"வயித்து வலி, அக்கா. வாந்தி. புள்ளைங்களுக்கு வந்த அன்னைக்கே வந்துச்சி" என்றான் ஜசீம். "நாங்களும் அந்தத் தண்ணிதான குடிக்கிறது."

லோரி இறக்கத்தில் திரும்பியது. கடைசி வீட்டுக்காரர்களும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள் என்பது லயத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. வேலம்மாவுக்கும்தான்.