சனிக்கிழமையை மீட்க ஒரு மனு

டிராஃப்டை வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்ற செய்தியை ஆபீஸில் மதியச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்காது. அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமும் இல்லை.

டிராஃப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஒவ்வொரு அணியும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் சடங்கு அது. போன வருஷம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த அணி யாரை எடுக்கும் என்று மாதக்கணக்கில் நாடே ஆரூடம் சொல்லும். பந்தை யாரும் தொடுவதுகூடக் கிடையாது. மேடைக்கு வந்து ஒருவர் பெயர் படிப்பார், அவ்வளவுதான். அதைப் பார்க்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பைத்தியம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருவன்.

டெக்ஸாஸில் சுகர் லேண்டுக்குக் குடிவந்ததிலிருந்து எட்டு வருஷமாக டிராஃப்ட் சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் நடந்தது. என் மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்ட். சனிக்கிழமை முழுக்க அவளுக்கு வேலை, அதற்குப் பதில் வியாழக்கிழமை விடுமுறை. ஆகவே சனிக்கிழமை வீடு எங்கள் ராஜ்யம். நண்பர்கள் ஆறு பேர் வருவார்கள். பிரியாணி கடையிலிருந்து வரும். பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் உருண்டு புரளுவார்கள். மதியத்திலிருந்து சாயங்காலம் வரை கத்தித் தீர்ப்போம். மனைவி வேலை முடிந்து வரும்போது தட்டுகள் மட்டும் மிச்சமிருக்கும்.

செய்தி வந்த அன்றே எங்கள் மெயில் குழு தீப்பற்றிக்கொண்டது. ஒருவர் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி மீட்டிங்குக்குப் போக வேண்டியவர். "டிவிக்காரன் வந்து என் மேனேஜர்கிட்ட பதில் சொல்லுவானா?" என்று எழுதினார். இன்னொருவர் வீட்டில் வியாழக்கிழமை பாபாவுக்கு விரதம். பிரியாணி இல்லாத டிராஃப்ட் ஒரு டிராஃப்டா என்று அவர் கேட்ட கேள்வியில் உண்மையான துக்கம் இருந்தது. ஆறு மணிக்கு ஐம்பத்தொன்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு முதல் பத்துப் பேரையும் ரேடியோவில்தான் கேட்கப்போகிறோம் என்றார் மூன்றாமவர். குழுவில் வயதில் சின்னவர் மட்டும், "ப்ரைம் டைம்ல லைட்ஸ் எல்லாம் போட்டு சூப்பரா இருக்கும் அண்ணா" என்று ஒரு வரி எழுதினார். அவரைப் பிய்த்து எறிந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வாயே திறக்கவில்லை.

எங்களில் மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மயக்கமருந்து டாக்டர். அவர் போன் செய்தார். "ஐசே, முதல் சுற்று வியாழன், மிச்சமெல்லாம் வெள்ளி, சனி எண்டு போட்டிருக்கிறாங்கள். முதல் சுற்றை எடுத்துப்போட்டு எங்களுக்கு என்னத்தை விட்டிருக்கிறாங்கள்?"

"சட்டியை வழிச்சுக்கோன்னு விட்டிருக்காங்க டாக்டர்."

"அப்ப சும்மா இருக்கப் போறீரா?"

சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. நம்மவர்களுக்கு அநியாயம் என்று பட்டால் முதலில் கை போவது ஒரு வெள்ளைத்தாளுக்குத்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மனு, பஸ் வரவில்லை என்றாலும் மனு. லீக்கின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, 'பொருள்' என்று ஒரு வரி போட்டு, அதற்குக் கீழே கோடு கிழித்து, டெக்ஸாஸில் வாழும் உழைக்கும் ரசிகர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஒருமனதாகக் கேட்டுக்கொள்வது யாதெனில் என்று இங்கிலீஷில் இரண்டு பக்கம். மின்சார வாரியத்துக்கு என் அப்பா எழுதிய மனுக்கள் எல்லாம் என் பேனாவுக்குள் இறங்கி வந்தது போலிருந்தது. எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கேண்டீனில் கையெழுத்து வாங்கினேன். புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் தாளை நீட்டினால் யாரும் மறுப்பதில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அது கோயில் பார்க்கிங்கைப் பெரிதுபடுத்துவதற்கு என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் தன் பெயரோடு மனைவி பெயர், மாமியார் பெயர் எல்லாம் எழுதினார். நானும் என் பெயருக்குக் கீழே என் மனைவியின் கையெழுத்தைப் போட்டேன். எங்கள் வீடுகளில் இது ஒரு குற்றமே இல்லை. பிள்ளைகளின் ஸ்கூல் படிவங்களில் அவள் எனக்காகப் போடுவாள், நான் அவளுக்காகப் போடுவேன். அவள் கையெழுத்தின் கடைசிச் சுழி அவளைவிட எனக்கு நன்றாக வரும்.

தபாலாபீஸ் அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கவரை ஒட்டாமலே, "போற வழியில இதை போஸ்ட் பண்ணிடு" என்று சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவள் காபியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தாளை வெளியே எடுத்துப் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் பக்கம் வந்ததும் காபியைக் கீழே வைத்தாள்.

"இது யார் போட்ட கையெழுத்து?"

"உன்னோடதுதான். நான் போட்டேன்."

"ஒருமனதான்னு எழுதியிருக்கீங்க. என் மனசை எப்பக் கேட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதுல உனக்கென்ன வந்தது? உனக்குத்தான் ஃபுட்பாலே பிடிக்காதே."

"பிடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதாக ஒரு நாளும் நினைவில்லை. அவள் கேட்டாள்: "சனிக்கிழமை நான் வேலையிலேருந்து உள்ள நுழையும்போதே யாரை எடுத்தாங்கன்னு சோபாலேருந்து கத்துவீங்க இல்ல? நான் நேரா பாத்ரூமுக்குப் போய் ஷவரைத் திறந்துடுவேன். அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"டயர்டா வர்றேன்னு நினைச்சேன்."

"காதுல விழக்கூடாதுன்னுதான். ரெக்கார்ட் பண்ணி வெச்சிருப்பேன். ஞாயித்துக்கிழமை காலைல நீங்கள்லாம் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி பார்ப்பேன். ஒரு வருஷம் அதையும் நீங்க அழிச்சிட்டீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. டிவியோடு இருக்கும் ரெக்கார்டர் பெட்டியில் இடமில்லை என்று எதையோ அழித்தேன். அது தானாகவே பதிவாகியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்போதாவது நான் கீழே இறங்கி வந்தால், அவள் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அதன் முன்னால் நின்று பிள்ளைகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். திரையில் என்ன ஓடுகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற சின்னப் புத்தி வந்தது. "சரி, இந்த வருஷம் நம்ம டீம் யாரை எடுக்கணும்?" என்று கேட்டேன். அவள் பத்து நிமிஷம் பேசினாள். பந்தை எறிகிற நம் குவார்ட்டர்பேக்கின் இடது பக்கம் காவலில் ஓட்டை, அதனால்தான் அவன் எழுந்திருப்பதும் விழுவதுமாக இருக்கிறான், அங்கே நிற்க ஒரு பெரிய ஆள் வேண்டும், லூயிசியானாவில் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கல்லூரியில் ஒருத்தன் இருக்கிறான், அவன் உடம்பைப் பார்க்காதீர்கள் காலைப் பாருங்கள் என்றாள். மருந்தின் அளவு சொல்வது போலத் தடுமாறாமல் சொன்னாள். நான் எட்டு வருஷமாகக் கத்தியதில் இந்த அளவு விஷயம் இருந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக மலைப்பாக இருந்தது.

"எப்படி இதெல்லாம்?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல லஞ்ச் ரூம்ல இதைத்தான் பேசுவாங்க. ஒண்ணும் புரியாம உக்காந்திருப்பேன். அப்புறம் படிக்க ஆரம்பிச்சேன். ஆட்டத்தைவிட எனக்கு இதுதான் பிடிச்சுது. ஊர்ல படிச்ச படிப்பு இங்க செல்லாதுன்னு மறுபடி பரீட்சை எழுதிட்டு மூணு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேனே, அது மாதிரி ஒவ்வொருத்தனும் உக்காந்திருக்கான். பேரைப் படிச்சதும் அவன் மூஞ்சி மாறும் பாருங்க, அதுக்காகத்தான்." ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "வியாழக்கிழமைக்கு மாத்திட்டாங்கன்னு படிச்சப்போ கௌன்ட்டர்ல நின்னு சிரிச்சுட்டேன். எனக்கு லீவு நாள். முதல் தடவையா நடக்கும்போதே பார்க்கலாம். நீங்க அனுப்பறதுன்னா அனுப்புங்க. என் பேரை மட்டும் எடுத்துடுங்க."

அவள் வேலைக்குப் போய்விட்டாள். மனு மேஜையிலேயே கிடந்தது. அன்று மத்தியானம் மெயில் குழுவுக்கு, மனு வாபஸ் என்று எழுதிக் காரணத்தையும் எழுதினேன். சாதாரணமாக ஒரு மெயிலுக்கு இருபது பதில் வரும் குழு அது. அன்று வந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலமாக டாக்டரிடமிருந்து ஒரு வரி வந்தது: "எங்கட வீட்டிலயும் கேட்டுப் பாக்கோணும்."

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் என் மனைவி படித்துவிட்டுச் சிரிப்பாள். மனம் நெகிழ்ந்துபோன வேகத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். வியாழக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டுக்கே வாருங்கள், இந்த முறை அவளும் நம்மோடு பார்க்கிறாள் என்று பெருமையாக அழைப்பு அனுப்பினேன். வியாழக்கிழமை சைவம்தானே, தோசை ஊற்றிவிடலாம், மாவு இருக்கிறது என்று அவளிடமும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அதன் பொருள் எனக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை ஃப்ரீவேயில் நொந்து, பசியோடு ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் திட்டித் தீர்த்த அந்த ப்ரைம் டைம், திரையில் வந்ததும் எங்கள் வாயை அடைத்துவிட்டது. சனிக்கிழமை மதியத்தில் ஏதோ அலுவலகக் கூட்டம் போல நடந்தது இப்போது கல்யாண ரிசப்ஷன் போல ஜொலித்தது. புது சூட்டில் பையன்கள், பக்கத்தில் நகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், முன்னால் மேஜையில் போன். மணி அடித்ததும் அந்த அம்மாக்களின் முகம்! திட்டியதற்கு எனக்கு நானே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டேன். சின்னவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

சோபாவின் நடுவில் அவளுக்காக ஓர் இடம் விட்டிருந்தேன். நாலாவது பெயர் படித்தபோதும் அது காலியாக இருந்தது. "தங்கச்சி, இன்னும் ஒரு தோசை" என்றார் டாக்டர். திரும்பிப் பார்த்தேன். அவள் சமையலறை வாசலில், கையில் தோசைத் திருப்பியோடு, கழுத்தை நீட்டி டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே தோசை கருகும் வாசனை வந்ததும் ஓடினாள். அடுத்த பெயரைப் படிக்கும்போது அவள் அங்கே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு சாயங்காலத்தை நான் ஆறு பேருக்குத் தோசையாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன். எழுந்து போய்த் தோசைத் திருப்பியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"போ, போய் உக்காரு."

"உங்களுக்கு வட்டமா வராது."

"வராட்டிப் போகுது. இன்னும் மூணு பேர்ல நம்ம டீம்."

அவள் போய் நடுவில் உட்கார்ந்தாள். அடுப்படியிலிருந்து டிவி தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பின்னந்தலையும் டாக்டரின் வழுக்கையும்தான். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது அதைவிட மோசம். ஹாலில் அவள் குரல் கேட்டது. யார் ஏன் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. டாக்டர் ஒரு சந்தேகம் கேட்டார். எங்கள் கூட்டத்தில் டாக்டர் சந்தேகம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கியது, அதற்கு வெங்காயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு வெறும் தேங்காய்ச் சட்னிதான்.

எங்கள் அணியின் முறை வந்தது. யாரோ ஒரு பெயர் படிப்பது கேட்டது. அது லூயிசியானாப் பையன் இல்லை. ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிற இடத்துக்கு நாலாவதாக ஒருத்தனை எடுத்திருந்தார்கள்.

"அறிவிருக்கா இவங்களுக்கு?" என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "கண்ணு தெரியுதா இல்லையா? ஓட்டை எங்க இருக்கு, இவனுங்க அடைக்கிறது எங்க? ஒரு வருஷம் உக்காந்து யோசிச்ச லட்சணமா இது? தூ!" ஒன்றரை நிமிஷம், மூச்சு விடாமல், எங்கள் ஊர் திருச்சியில்கூட நான் கேட்டிராத வார்த்தைகளோடு திட்டினாள். எங்கள் ஏழு பேரின் எட்டு வருஷத் திட்டையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

டாக்டர் பதறிப்போய்விட்டார். "தங்கச்சி, இருங்கோ, கோவிக்காதேங்கோ, அடுத்த வருஷம் பாப்பம்" என்று சமாதானம் செய்யப் போனார்.

அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தேன். "விடுங்க டாக்டர்," என்றேன். "நல்லாத் திட்டட்டும்."