காத்து பத்தல

தீ மஞ்சளாக எரிந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாகறலில் எங்கள் வெல்டிங் பட்டறையில், தடித்த இரும்புக் குழாய் ஒன்றை வெட்டி, உள்ளே சூடு தாங்கும் பஞ்சு பதித்து, என் மச்சினன் தன் கையால் ஒரு கேஸ் உலை செய்திருந்தான். என் மனைவியின் தம்பி. பட்டறையில் சரிபாதிக் கூட்டாளி. டிராக்டர் கலப்பையின் மழுங்கிய கொழுக்களைப் பழுக்கக் காய்ச்சி முனை எடுப்பதற்குத்தான் அந்த உலை. ஆனால் இரும்பு மங்கிய சிவப்பைத் தாண்டவே இல்லை. சோம்பலான மஞ்சள் தீ உலையின் வாய்க்கு வெளியே வந்து நக்கியது.

"கேஸ் நல்லாத்தான் கீது மாமா. காத்துதான் பத்தல" என்று ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கேஸ் குழாயில் காற்று நுழையும் துளைகளைப் பெரிதாக்கினான், போதவில்லை. கடைசியில் ஒரு சின்ன ப்ளோயரைப் பொருத்தி, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடும் வைத்தான். தீ நீலமாகி இரைந்தது. கொழு ஆரஞ்சு நிறத்தில் பழுத்தது. அன்று அவன் சோறு தின்னக்கூட வீட்டுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் பகலில் மழை பிடித்தது. மறுநாள் காலை உழவுக்குக் கொழுக்கள் வேண்டும் என்று ஒருவர் சொல்லிப் போயிருந்தார். சாரல் உலைக்குள் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டேன். ஜன்னல் இல்லாமல் கட்டிய அறை அது. அது ஆபத்து என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. பசி என்று நினைத்தேன். தீ மறுபடி மஞ்சளாகத் தொடங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மச்சினன், "காத்து பத்தல மாமா" என்றான். நான் போய் ப்ளோயரின் தகட்டை முழுக்கத் திறந்துவிட்டேன். தீ மாறவில்லை. திரும்பிப் பார்த்தால் அவன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். அவன் உலையைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கேஸை மூடினேன். ஷட்டரைத் தூக்கக் கை போனது, பலம் வரவில்லை. முழங்கால் மடிந்து தரையில் விழுந்தேன். ஷட்டரைக் கையால் தட்டினேன். தகரக் கூரையில் பெய்த மழையில் அந்தச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த என் மனைவிதான் ஷட்டரை வெளியிலிருந்து தூக்கினாள். "இன்னாத்துக்கு சாத்திக்கினு கீறீங்க" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். தம்பியின் இரு கைகளையும் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டாள். நான் தவழ்ந்து வெளியே வந்தேன். ஒரு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். கண் திறக்கும்வரை அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவன் முனகியதும் எழுந்து, வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே வயல் தெரிந்தது. செங்கல் தூளில் கடப்பாறையோடு என் மனைவி நின்றிருந்தாள்.

"இப்ப ஷட்டர போட்டுக்கினு வேல செய்ங்க, பாக்கலாம்" என்றாள்.

மச்சினன் கீழே கிடந்த செங்கற்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினான். அந்த இடத்தில் இன்றுவரை நாங்கள் ஜன்னல் வைக்கவில்லை. மழைக்காலத்தில் பட்டறை பாதி நனைகிறது.