ஜீப் வரிசையில் ஏறிய ஒன்பது கல்லூரிகள்

மூன்று நாள் சேர்ந்தாற்போல வீட்டில் சும்மா இருந்தால் எனக்கும் சுமதிக்கும் சண்டை வந்துவிடும். பதினாறு வருடக் குடித்தனத்தில் கற்ற பாடம் இது. அதனால் போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டு, சனி ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். திருப்பத்தூர் பக்கமாக ஏறிப் புதூர்நாட்டில் இறங்குவது, அங்கிருந்து காட்டுப்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்து ஒரு சிற்றருவியைப் பார்ப்பது, இருட்டுவதற்குள் கீழே வருவது. இவ்வளவுதான் முதல் நாள் திட்டம். இந்தப் பதிவில் அருவிப் படம் இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னூட்டத்தில் கேட்டுத் தொல்லை செய்ய வேண்டாம்.

சென்னையில் காலை 4.45க்குக் காரை எடுத்தோம். ஆம்பூரில் இட்லி, வடை, காபி. திருப்பத்தூர் சேரும்போது 9.10. மொத்தம் 222 கிலோமீட்டர். அறைக்கு வாடகை 1,400 ரூபாய், காரை விடுதியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். என் கார் தரையை ஒட்டிப் போகிற ரகம், மலைச்சாலைக்கு வேண்டாம் என்று ஷேர் ஜீப் பிடிக்கப் போனோம். ஆளுக்கு எழுபது ரூபாய்.

ஜீப்புக்கு முதலில் வந்து நின்றவர்கள் நாங்கள்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுக்கலாம் என்று ஏறப்போனேன். ஓட்டுநர் கையை நீட்டி மறித்துவிட்டார்.

"இன்னா சார் அவசரம்? புதூர்நாட்லதான எறங்குறீங்க? கொஞ்சம் நில்லுங்க. கடைசி ஊர்க்காரங்க மொதல்ல ஏறுங்க!"

மலை ஜீப்பின் சட்டம் இது. யார் முதலில் வந்தார்கள் என்பது கணக்கே இல்லை. அதிக தூரம் போகிறவர்கள் முதலில் ஏறி உள்ளே தள்ளி உட்கார வேண்டும். வழியில் இறங்குகிறவர்கள் கடைசியில் ஏறி வாசலோரம் ஒண்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊரிலும் எல்லாரும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். பயணம் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் போவதால் ஒரு புண்ணியமும் இல்லை.

ஓட்டுநரின் பெயர் வேடியப்பன். நாற்பது வயது இருக்கும், நல்ல வாயாடி. நான் போட்டிருந்தது எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சந்திப்பில் கொடுத்த டீ-ஷர்ட். கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சென்னையில் இருக்கிறது, பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் பெருமூச்சோடு உச்சரிக்கும் பெயர், அது போதும். வளைவுகளில் திருப்பிக்கொண்டே வேடியப்பன் கண்ணாடியில் என் நெஞ்சைப் படித்துவிட்டார்.

"சார், இந்தக் காலேஜா நீங்க? எங்க அக்கா பொண்ணு லிஸ்ட்ல மொத பேரே இதுதான் சார்! இன்னிக்கி சாயந்தரம் அஞ்சு மணிக்கு கவுன்சிலிங் லிஸ்ட் மூடுறாங்க. நான்தான் நேத்து கீழ போய் ஏத்திட்டு வந்தேன். நீங்க ஒரு தபா பாத்துச் சொல்லுங்க சார்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுமதி வெளியே திரும்பிக்கொண்டாள். அவள் படித்தது அரக்கோணம் பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு கல்லூரியில். இன்று அவளுக்குக் கீழே வேலை செய்பவர்களில் நான்கு பேர் என் கல்லூரிக்காரர்கள். இதை அவள் ஒருபோதும் சொல்லிக்காட்டுவதில்லை. மாதத்துக்கு ஒருமுறைதான் சொல்லிக்காட்டுவாள்.

புதூர்நாடு சேரும்போது 11.25. மேட்டில் சாமைப் பயிர் பச்சையாக நின்றது. பலாப்பழக் காலம் முடிகிற நேரம், டீக்கடை வாசலில் ஒரே ஒரு பழம் பிளந்து கிடந்தது. டீ பன்னிரண்டு ரூபாய். சாமைச் சோறும் குழம்பும் எண்பது ரூபாய். இரண்டாவது முறை கேட்டால் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள். அந்தச் சோற்றுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

வேடியப்பன் தன் அக்கா மகள் கோகிலாவைக் கூட்டிவந்தார். மெலிந்த பெண், மூன்று நாள் காய்ச்சலில் இருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். மாமா ஜீப்பின் முன்பலகையிலிருந்து ஒரு அச்சுத்தாளை எடுத்து நேராக என் கையில் கொடுத்தார். விருப்பப் பட்டியல், ஒன்பது கல்லூரிகள். முதல் வரியில் என் கல்லூரி.

முதல் வரிக்குக் கீழே என் கண் போகவே இல்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "அருமையான லிஸ்ட்மா. ஒரு புள்ளிகூட மாத்தாதே" என்றேன். தரவரிசை, ஆய்வகங்கள், வளாகத்துக்கே வந்து வேலை கொடுக்கும் கம்பெனிகள், உள்ளே நுழைவது எத்தனை கஷ்டம் என்று இருபது நிமிடம் பேசினேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தாள் கடைசிவரை என் கையில்தான் இருந்தது. பேசி முடித்து அதை மடித்து என் பையில் வேறு வைத்துக்கொண்டேன்.

அருவிக்கு வழி காட்ட அவளே வருகிறேன் என்றாள். காய்ச்சல்காரியை எதற்கு என்று சுமதி தடுத்தாள். "மூணு நாளா படுத்தே கெடக்குறேன்கா, நடந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று முன்னால் நடந்துவிட்டாள். வெயில் தாழட்டும் என்று காத்திருந்து 2.15க்குப் புறப்பட்டோம். புளியமரங்கள், அப்புறம் காடு. இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். மணி மூன்று. தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"சென்னைக்கு வந்ததும் ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடணும்" என்றாள் சுமதி.

"நான் எதுக்குக்கா சென்னைக்கு வர்றேன்? எனக்கு வேலூருதான மொதல்ல."

நான் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியைப் படித்ததும் பாதையிலேயே நின்றுவிட்டாள். தன் பாவாடை மடிப்பில் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். அவள் கைப்பட எழுதி மாமாவிடம் கொடுத்தனுப்பித் திரும்ப வாங்கி வைத்திருந்த பட்டியல். வேலூர் அரசுக் கல்லூரி முதலில். என் கல்லூரி எட்டாவது. அதற்கும் கீழே இருந்த ஒரே கல்லூரியில் பெண்களுக்கு விடுதியே கிடையாது.

அச்சுத்தாளில் சென்னை, சேலம், வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று இருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேடியப்பன் கல்லூரிகளை ஜீப்பில் ஏற்றியிருக்கிறார். தூரமாகப் போவது முதலில், கிட்டே இருப்பது கடைசியில்!

சிரிப்பு வந்தது, சிரிக்க நேரமில்லை. மேலே இருக்கிற கல்லூரி கிடைத்துவிட்டால் கீழே இருப்பவற்றை யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் மதிப்பெண்ணுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் என் கல்லூரி கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஐந்து மணிக்குள் மாற்றாவிட்டால் அவள் கேட்காத இடத்தில் நான்கு வருடம். பட்டியலைத் திறக்க வேண்டுமானால் வேடியப்பன் கைபேசிக்கு வரும் ரகசிய எண் வேண்டும். காட்டில் சிக்னல் இல்லை. அருவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தோம்.

3.40க்கு டீக்கடை. ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு கடைசி ஊருக்குப் போயிருந்தது, வர நாலே கால் ஆகும் என்றார் கடைக்காரர். டீக்கடையிலும் சிக்னல் இல்லை, உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த முப்பத்தைந்து நிமிடத்தையும் நான் வீணாக்கவில்லை, கோகிலாவின் மனதை மாற்றப் பார்த்தேன். தவறுதலாக நடந்தாலும் நல்லதுக்கே நடந்திருக்கிறது, அப்படியே விட்டுவிடு என்றேன். நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் ஒன்றை யாராவது எட்டாவதாகப் போடுவார்களா என்றேன்.

"எங்க மலையில காலேஜ் நல்லதான்னு கேட்டா, எத்தினி பேரு போனாங்க, எத்தினி பேரு முடிச்சாங்கன்னுதான் சார் பாப்பாங்க" என்றாள் அவள். "வேலூருக்கு அஞ்சு பேரு போனாங்க, அஞ்சு பேரும் முடிச்சாங்க. சேலத்துக்கு நாலு பேரு, மூணு பேரு முடிச்சாங்க. உங்க காலேஜுக்கு மூணு பேரு போனாங்க."

"மூணு பேரும்...?"

"தீபாவளிக்கு வூட்டுக்கு வந்தவங்க திரும்பிப் போவல சார்."

அவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் குறைவாக இருந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய நினைவு ஒன்று குறுக்கே வந்தது. முதல் வருடம் எங்கள் விடுதியில் எதிர் அறையில் ஒருவன் இருந்தான். மலைக் கிராமத்துப் பையன். வகுப்பில் நடத்துவது ஒன்றும் புரியவில்லை என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னான். எனக்கும்தான் புரியவில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு சினிமாவுக்குப் போனேன். முதல் பரீட்சைக்கு முன்பே அவன் போய்விட்டான். ஏன் போனான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவன் மேசையை யார் எடுத்துக்கொள்வது என்றுதான் பேசினோம். மேசை எனக்குக் கிடைத்தது.

"வேலூர்ல மட்டும் எப்படி எல்லாரும் முடிக்கிறாங்க?" என்று சுமதி கேட்டாள்.

"மொத செமஸ்டர் முழுக்க நம்ம சீனியர் அக்கா அவங்க ரூம்லயே வெச்சிக்குவாங்க. பேப்பர் போச்சின்னா ஞாயித்துக்கெழம மறுபடி நடத்துறதுக்கு ஒரு சார் இருக்காராம்க்கா. இங்கிலீஷ் புரியலன்னா தமிழ்ல கேக்கலாமாம், சிரிக்க மாட்டாங்களாம்."

ஜீப் 4.18க்கு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் வேடியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "தூரமா போறது மொதல்ல ஏறுனாத்தான சார் எடம் கெடைக்கும்? வேலூரு கிட்டதான, அது தொத்திக்கினாவது வந்துரும்னு நெனச்சேன்! அடக் கடவுளே, ஏறுங்க ஏறுங்க!" அன்று யார் முதலில் ஏறினோம் என்று யாருக்கும் நினைவில்லை.

சிக்னல் கிடைக்கும் வளைவு நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 4.32க்குச் சேர்ந்தோம். என் கைபேசியில் பக்கத்தைத் திறந்தேன். வேடியப்பன் தன் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி நின்றார். முதல் எண் வந்து சேர்வதற்குள் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது 4.41க்கு வந்தது. அவர் கத்த, சுமதி திருப்பிச் சொல்ல, நான் தட்டினேன். உள்ளே போனால் ஒன்பது கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி. என் கல்லூரியை எட்டாம் இடத்துக்கு இறக்க ஏழு முறை அழுத்த வேண்டியிருந்தது. என் விரலாலேயே அழுத்தினேன். நாலாவது முறை கொஞ்சம் வலித்தது, அதற்கப்புறம் பழகிவிட்டது. பிறகு வேலூரை முதலிடத்துக்கு ஏற்றி, மற்றவற்றையும் அவள் கைப்பட்டியல்படி மாற்றினேன்.

4.52க்குப் பட்டியல் பூட்டப்பட்டது என்று திரையில் வந்தது. கோகிலா சுமதியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வேடியப்பன் பாறையிலிருந்து இறங்காமலே ஹோய் என்று ஒரு சத்தம் போட்டார், எதிர்ச்சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னமோ ஏதோ என்று பதில் சத்தம் கொடுத்தார். எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினேன். திரும்பும்போது அரைப் பலாப்பழத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஜீப்பில் அதற்கு மட்டும் தனி இருக்கை. கீழே இறங்கும்போது 6.50. அத்தனை சந்தோஷமாக நான் எந்தப் பயணத்திலும் திரும்பியதில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பேருந்துகள் குறைவு, நேரத்தை நம்ப வேண்டாம், காலை ஒன்பதரைக்குள் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். கடைசி ஜீப் இறங்கும் நேரத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காசு ரொக்கமாக இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசியைக் காட்டி டீ குடிக்க முடியாது. அருவிக்குப் போவதானால் மதியத்துக்கு முன்பே கிளம்புங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது கல்லூரிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு, நம்மைப் போன்ற வீட்டிலிருந்து போனவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நான் யாரிடமும் விசாரித்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒதுக்கீடு வரும் என்று சொல்லியிருந்தார்கள். 10.20க்கு கோகிலா அழைத்தாள், அந்த வளைவிலிருந்துதான். வேலூர், எலக்ட்ரிகல். நான் மனதார வாழ்த்தினேன். நல்ல காலேஜ்மா, கவலையில்லாமல் போய்ப் படி என்றேன்.

"கவல இருக்குது சார்" என்றாள் சிரித்துக்கொண்டே. "அஞ்சு பேரும் முடிச்சதாலதான் எங்கப்பா என்னை அனுப்புறாரு. ஆறாவதா போற நான் பாதியில வந்துட்டா, அப்புறம் எந்த வூட்லயும் பொண்ண அனுப்ப மாட்டாங்க. காலேஜ் பேரு கெட்டுப்பூடும் சார். அத நான்தான காப்பாத்தணும்."

இருபது வருடமாக என் கல்லூரியின் பெயரைச் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. பேச்சை முடித்துவிட்டுத் திரும்பினால், பலாச்சுளையை வாயில் போட்டபடி சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். அன்று அவள் எதையும் சொல்லிக்காட்டவில்லை.